வாத்துக்கு ஊட்டியது மக்காச்சோளம்

எகிப்தின் சக்காராவில் காகெம்னி என்னும் அமைச்சரின் கல்லறை இருக்கிறது. வயது ஏறத்தாழ 4,300 ஆண்டுகள். அதன் சுவர்ச் சிற்பங்களில் வேலையாட்கள் வாத்துகளின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, உருட்டி வைத்த தீனியை அலகுக்குள் திணிக்கிறார்கள். வாத்துக்குப் பசித்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே வேலை இன்றும் பிரான்சில் நடக்கிறது. ‘ஃபுவா கிரா’ என்பது அந்நாட்டு விருந்துகளில் விலையுயர்ந்த பண்டம். வாத்தின் கொழுத்த ஈரல். அறுப்பதற்கு முந்தைய ஏறத்தாழ இரண்டு வாரம், தினமும் குழாய் வழியே வாத்தின் உணவுக்குழலுக்குள் தீனியைச் செலுத்துகிறார்கள். வழக்கமாக 100 கிராம்கூடத் தேறாத ஈரல் பல மடங்கு பெருத்துவிடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வாத்தீரல் குறைந்தது 300 கிராம் இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். அந்த எடையில் பாதிக்குப் பக்கம் கொழுப்பு.

நாம் கவனிக்க வேண்டியது தீனியை. வெண்ணெய், நெய், கறி எதையும் ஊட்டுவதில்லை. ஊட்டுவது மக்காச்சோளம். அதில் பெரும்பங்கு மாவுச்சத்து, கொழுப்பு சொற்பம். உள்ளே போவது மாவு. ஈரலில் தேங்குவது கொழுப்பு.

நெடுந்தூரம் வலசை போகும் பறவையினத்துக்கு ஈரலில் கொழுப்பைச் சேர்த்துவைப்பது இயற்கை செய்த ஏற்பாடு. மனிதருக்கு அப்படிப்பட்ட பயணம் எதுவும் இல்லை. ஆனால் மாவைக் கொழுப்பாக்கும் வேதியியல் நம் ஈரலிலும் அதேதான். “ஸ்கேன்ல கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்னு போட்டிருக்கு. நான் எண்ணெய்ப் பலகாரமே தொடறதில்லையே!” என்று திகைப்பவர்கள் நம்மில் ஏராளம். அவர்களின் கேள்விக்கான விடை இந்தத் தீனியில் இருக்கிறது.

குடலுக்கு அடுத்த நிறுத்தம்

வலது விலா எலும்புகளுக்குப் பின்னால், உதரவிதானத்தை ஒட்டி, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது கல்லீரல். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதற்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு, குடலையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டு போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாய் வழியே வருகிறது. இட்லியின் குளுக்கோஸ், பருப்பின் அமினோ அமிலங்கள், மாத்திரையின் மருந்து, மதுவின் ஆல்கஹால் எல்லாமே உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போகும் முன் ஈரலுக்குத்தான் முதலில் வந்து சேர்கின்றன.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு, சமையல் எண்ணெய். அதிலுள்ள பெரும்பாலான கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து நிணநீர்க் குழாய்களில் ஏறி, கழுத்தின் அடிப்பகுதியில் ரத்தத்தோடு கலக்கின்றன. தசையும் கொழுப்புத் திசுவும் எடுத்துக்கொண்டது போக மிச்சமே ஈரலுக்கு வருகிறது. ஆக, வடையின் எண்ணெய் சுற்றிக்கொண்டு வரும். காபியின் சர்க்கரை நேரே வந்துவிடும்.

வந்த சர்க்கரையை ஈரல் என்ன செய்கிறது என்பதைக் கண்டறிந்தவர் கிளாட் பெர்னார்ட். பாரிஸில் 1850களில் அவர் செய்த சோதனைகளில், வெறும் இறைச்சி மட்டும் தின்ற நாயின் ஈரலிலிருந்து வெளியேறும் ரத்தத்திலும் சர்க்கரை இருந்தது. ஈரல் சர்க்கரையைச் சேமித்து, தேவைப்படும்போது வெளியே விடுகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்தச் சேமிப்புப் பொருளை 1857இல் பிரித்தெடுத்து கிளைக்கோஜன் என்று பெயரிட்டார்.

இந்தச் சேமிப்புக்கு எல்லை உண்டு. பெரியவர் ஒருவரின் ஈரல் சுமார் 100 கிராம் கிளைக்கோஜனைத்தான் வைத்துக்கொள்ளும். கலோரிக் கணக்கில் 400 மட்டுமே. இரவு சாப்பிட்டுத் தூங்கி எழுவதற்குள் அதில் கணிசமான பங்கு செலவாகி, காலை உணவுக்கு இடம் விடும். இடம் காலியாவதற்குள் அடுத்த சாப்பாடு, நடுவில் பிஸ்கெட், சாயங்காலம் போண்டா, இரவு பரோட்டா என்று வந்துகொண்டே இருந்தால், மிகுதியான சர்க்கரையைக் கொழுப்பு அமிலமாக மாற்றுவதைத் தவிர ஈரலுக்கு வேறு வழியில்லை. அதில் ஒரு பகுதியை ரத்தத்துக்கு அனுப்பும். அனுப்ப முடியாதது துளித்துளியாகச் செல்லுக்குள் தங்கும். ஈரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படித் துளிகள் தங்கினால் அதற்குக் கொழுப்பு ஈரல் என்று பெயர்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று கணக்கெடுத்தார்கள். நோயாளிகளுக்குச் சில நாட்கள், அணு அடையாளமிட்ட சத்துகளைக் கொடுத்துவிட்டு, பிறகு ஈரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த முடிவு இது: ஈரல் கொழுப்பில் 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து வந்தது; 26 சதவீதம் மாவையும் சர்க்கரையையும் கொண்டு ஈரலே தயாரித்தது; உணவில் உண்ட கொழுப்பு நேராக வந்து சேர்ந்தது 15 சதவீதம் மட்டுமே.

பெரும்பங்கான 59 சதவீதத்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டு. வயிற்றுக் கொழுப்பு ரத்தத்தில் கசியாமல் தடுத்துவைப்பது இன்சுலினின் வேலை. அளவுக்கு மீறிச் சாப்பிட்டுத் தொப்பை சேரும்போது கொழுப்புத் திசு இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கிறது. கொழுப்பு அமிலங்கள் இரவும் பகலும் ஈரலை நோக்கிக் கசிகின்றன. அதே வேளையில் ரத்தத்தில் உயர்ந்துபோன இன்சுலின், மாவைக் கொழுப்பாக்கச் சொல்லி ஈரலை முடுக்குகிறது. இரண்டு பக்கமும் வரவு; செலவு இல்லை.

குடிக்காதவரின் ஈரல்

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நோய்க்கூறு வல்லுநராக இருந்தவர் யூர்கன் லுட்விக். அவருடைய நுண்ணோக்கியின் கீழே வந்த சில திசுத் துண்டுகள் புதிராக இருந்தன. செல்லுக்கு நடுவே வட்டமாக வெள்ளை ஓட்டை. பதப்படுத்தும்போது கொழுப்பு கரைந்துபோன இடம் அது. உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. சில செல்கள் வெளிறி உப்பியிருந்தன. சுற்றிலும் அழற்சி செல்கள் மொய்த்திருந்தன. மொடாக்குடியரின் ஈரல் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். ஆனால் இவர்களோ குடிப்பழக்கம் இல்லாதவர்கள். பலருக்குப் பருத்த உடல், சிலருக்குச் சர்க்கரை நோய். 1980இல் அப்படிப்பட்ட 20 பேரின் விவரங்களை லுட்விக் வெளியிட்டு, மதுசாராக் கொழுப்பு ஈரல் அழற்சி என்று அதற்குப் பெயர் வைத்தார். இன்று இதை வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்தே மருத்துவ உலகம் வகைப்படுத்துகிறது. 2023இல் பெயரும் அதற்கேற்ப மாறிவிட்டது.

குண்டானவர்களுக்குத்தானே வரும் என்று ஒல்லியானவர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். 2004இல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது இந்தியர்களிடம் பரவலாகக் காணப்படும் உடல்வாகு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. அங்கே கொழுப்பு ஈரல் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் குறியீட்டெண் 25க்குக் கீழே. பாதிப் பேருக்கு மேல் தொப்பைகூட இல்லை.

சென்னை நகரில் சர்க்கரை நோய் ஆய்வாளர்கள் நடத்திய ‘க்யூர்ஸ்’ ஆய்வு 2009இல் வந்தது. பரிசோதித்தவர்களில் 32 சதவீதத்தினருக்குக் கொழுப்பு ஈரல். சர்க்கரை நோயாளிகளிடம் 54.5 சதவீதம். 2021இல் இந்திய அரசு தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் இந்த நோயையும் சேர்த்தது.

கொழுப்பு சேர்ந்த எல்லா ஈரலும் கெட்டுவிடுவதில்லை. பெரும்பாலோர் முதல் கட்டத்திலேயே நிற்கிறார்கள். சிலருக்கு அழற்சி, பிறகு தழும்பு, கடைசியில் ஈரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் என்று போகிறது. தொடக்கத்தில் வலி வராது, கண்ணும் மஞ்சளாகாது. ஈரல் நொதிகளுக்கான ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே உள்ளே கொழுப்பு இருக்கலாம். இவர்களில் பலரை முதலில் தாக்குவது மாரடைப்பு என்பதால், ஈரலைக் காப்பதற்கான சாப்பாடும் இதயத்தைக் காப்பதற்கான சாப்பாடும் ஒன்றேதான்.

மூன்று காபி, ஆறு ஸ்பூன்

நாம் காபியில் போடும் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை மூளை, தசை, ரத்த அணு என எல்லா உறுப்பும் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸைக் கையாளும் வேலை பெருமளவு ஈரலின் தலையில் விழுகிறது. குளுக்கோஸைக் கொழுப்பாக மாற்றும் பாதையில், “போதும், நிறுத்து” என்று சொல்ல ஒரு நொதி காவல் நிற்கிறது. ஃபிரக்டோஸ் அந்தக் காவலைத் தாண்டி உள்ளே நுழைகிறது. அதனால் ஒரேயடியாக வரும் இனிப்பு, கொழுப்பாக மாறுவது எளிதாகிவிடுகிறது.

அமெரிக்காவில் 11 முதல் 16 வயது வரையுள்ள, கொழுப்பு ஈரல் கொண்ட 40 பையன்களை வைத்து நடந்த சோதனை 2019இல் வெளியானது. பாதிப் பேருக்கு 8 வாரம், சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்தக் கலோரியில் 3 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும்படி உணவு தந்தார்கள். பையனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்றால் நடக்காது என்று, வீடு முழுவதற்குமே அதே உணவைக் கொடுத்தார்கள். அவர்களின் ஈரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. வழக்கம்போலச் சாப்பிட்டவர்களுக்கு 21இலிருந்து 20. ஒரேயொரு பண்டத்தைக் குறைத்ததால் எட்டே வாரத்தில் கிடைத்த பலன் இது.

நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று காபி. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். ஆறு ஸ்பூன் என்றால் 24 முதல் 30 கிராம். நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நின்றால் கூடுதல் நன்மை என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன பரிந்துரை. இனிப்போ குளிர்பானமோ தொடாமலேயே, காபியிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது.

வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறியவர்கள் ஈரலுக்கு நன்மை செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். கருப்பட்டியின் மணமும் கொஞ்சம் தாதுக்களும் வேறுதான். ஆனால் அதன் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். தேனிலும் ஃபிரக்டோஸ் தாராளம். முழுப் பழம் பிரச்சினையில்லை. நார்ச்சத்தோடு மென்று தின்னும்போது சர்க்கரை நிதானமாக இறங்கும்; இரண்டு பழத்துக்கு மேல் வயிறும் கேட்காது. ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று நான்கு ஆரஞ்சு பிழியும்போது சக்கையையும் அந்த நிதானத்தையும் சேர்த்தே குப்பையில் போட்டுவிடுகிறோம்.

காபிமேல் குற்றமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வில், காபி குடிப்பவர்களிடம் நாள்பட்ட ஈரல் நோயால் நேர்ந்த மரணம் 49 சதவீதம் குறைவு. இது காபியால் மட்டுமே நேர்ந்தது என்று அறுதியிட இவ்வகை ஆய்வு போதாது. ஆனால் பல நாட்டு ஆய்வுகளும் ஒரே திசையில் நிற்கின்றன. டிகாக்ஷனைக் குறைக்க வேண்டியதில்லை. ஸ்பூனைக் குறைத்தால் போதும்.

சோறும் எண்ணெயும் முட்டையும்

சென்னைவாசிகளின் உணவைக் கணக்கெடுத்த ஆய்வுகளில், மொத்தக் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதாவது பெரும்பாலும் வெள்ளைச் சோற்றிலிருந்து வந்தது. பருப்பு, பயறுகளின் பங்கு அதில் சிறு பின்னம். மதியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள்: சாம்பாருக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு. மூன்று முறை பரிமாறுவது ஒரே பண்டத்தைத்தான். பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. இந்த விகிதத்தைத் தலைகீழாக்குவதே ஈரலுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. முதலில் கூட்டும் பொரியலும் பருப்பும். பிறகு ஒரு கிண்ணம் சோறு. கம்பும் சாமையும் நல்லவை. ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான் என்பதால் அளவு அங்கேயும் பொருந்தும்.

எண்ணெயில் அளவோடு வகையும் முக்கியம். ஸ்வீடனின் உப்சாலாவில் 39 இளைஞர்களுக்கு 7 வாரம் தினமும் மஃபின் கேக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பாமாயிலில் செய்தது, மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு தரப்பிலும் எடை ஒரே அளவு ஏறியது. ஈரல் கொழுப்பு மட்டும் பாமாயில் தரப்பில் பெரிதும் கூடியது. 2014இல் வெளியான இந்த முடிவு நமக்கு அந்நியமானதில்லை. ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வருவது பாமாயில், பேக்கரிப் பண்டங்களில் இருப்பது வனஸ்பதி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றை அளவாகப் பயன்படுத்துவது நல்லது.

கொழுப்பை ஈரலிலிருந்து வெளியேற்ற வேறொரு சத்தும் தேவை. அதைக் கண்டுபிடித்த கதை டொரன்டோவில் நடந்தது. 1921–22இல் இன்சுலினைக் கண்டறிந்த குழுவினர், கணையம் அகற்றப்பட்ட நாய்களை இன்சுலின் ஊசி, கொழுப்பில்லா இறைச்சி, சர்க்கரை இவற்றைக் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார்கள். சர்க்கரை அளவு சீராக இருந்தும் சில மாதங்களில் நாய்கள் ஈரல் செயலிழந்து இறந்தன. அறுத்துப் பார்த்தால் ஈரல் முழுக்கக் கொழுப்பு. தீனியோடு பச்சைக் கணையத்தைச் சேர்த்ததும் நாய்கள் பிழைத்தன. கணையத்தில் இருக்கும் லெசித்தினே காரணம் என்று முதலில் தெரிந்தது. அதற்குள் இருந்த கோலின் என்ற சிறு மூலக்கூறுதான் வேலை செய்கிறது என்று சார்லஸ் பெஸ்ட்டும் அவருடைய சகாக்களும் 1932இல் காட்டினார்கள். கொழுப்பைப் பொதி கட்டி ஈரலிலிருந்து அனுப்பக் கோலின் வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் பின்னாளில் நடந்த சோதனையில், கோலின் இல்லாத உணவு உண்ட மனிதர்களிலும் பலருக்கு ஈரல் கொழுத்தது அல்லது தசை பாதித்தது. கோலினைத் திரும்பக் கொடுத்ததும் சரியானது.

கோலின் மிகுதியாக இருப்பது முட்டை மஞ்சள் கருவில். ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 147 மில்லிகிராம்; ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவை 550, பெண்ணுக்கு 425. மஞ்சள் கருவை எடுத்துக் கீழே போட்டுவிட்டு வெள்ளைக் கருவை மட்டும் தின்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். மீன், சோயா, பயறு, பால் ஆகியவற்றிலும் உண்டு. சைவர்கள் சுண்டலையும் சோயாவையும் கையில் எடுக்க வேண்டும்.

மதுவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. அதை எரிக்கும்போது ஈரல் தன் கொழுப்பை எரிப்பதைத் தள்ளிவைக்கிறது. ஏற்கெனவே கொழுத்த ஈரலுக்கு மது சேர்வது எரிகிற வீட்டில் நெய் ஊற்றுவது. ஈரலுக்கு நன்மை செய்யும் மதுவின் அளவு என்று ஒன்று கிடையாது.

இறங்கும் வேகம்

ஈரலின் சிறப்பு, அது விரைந்து மன்னிக்கும் உறுப்பு என்பது. இங்கிலாந்தின் நியூகாசலில் ராய் டெய்லர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 11 சர்க்கரை நோயாளிகள் நாளொன்றுக்கு 600 கலோரி மட்டுமே உண்டார்கள். முதல் வாரத்திலேயே ஈரல் கொழுப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. எட்டாவது வாரத்தில் ஈரல் கொழுப்பு 12.8 சதவீதத்திலிருந்து 2.9 ஆகியிருந்தது. மருத்துவர் மேற்பார்வையில் நடந்த கடும் உணவு இது. வீட்டில் தானாகச் செய்து பார்க்கக் கூடாது. ஆனால் ஈரல் எவ்வளவு விரைவாக இளைக்கும் என்பதை இது காட்டுகிறது.

கியூபாவின் ஹவானாவில் நடந்தது எல்லோரும் செய்யக்கூடியது. ஈரல் அழற்சியுள்ள 293 பேர் ஓராண்டு உணவைக் குறைத்து நடந்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் திசுப் பரிசோதனை செய்தார்கள். உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி மறைந்தது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பும் பின்வாங்கியது. எண்பது கிலோ ஆசாமிக்கு எட்டுக் கிலோ. மாதத்துக்கு ஒரு கிலோகூட இல்லை.

கீழாநெல்லியும் சீந்திலும்

ஈரலுக்கு என்றாலே நம் ஊரில் கீழாநெல்லி. இதைச் சோதனைக்கு உட்படுத்திய பெருமை சென்னைக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்த நோபல் விஞ்ஞானி பரூக் புளும்பெர்க்கோடு சேர்ந்து, 1988இல் ‘லான்செட்’டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வைரஸைச் சுமந்த 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 59 சதவீதத்தினரிடம் வைரஸின் அடையாளம் மறைந்தது; போலி மருந்து உண்டவர்களில் 4 சதவீதம். உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அறிவியலில் ஒரு ஆய்வு என்பது தொடக்கம், தீர்ப்பு மறுபரிசோதனையில்தான். அதோடு, அது வைரஸுக்கான சோதனை. கொழுப்பு ஈரலுக்குக் கீழாநெல்லி மருந்து என்று அதைக் காட்டிச் சொல்ல முடியாது.

மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்பதும் நம்பிக்கைதான். கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புக்காகச் சீந்தில் கஷாயம் குடித்த 6 பேருக்கு ஏற்பட்ட ஈரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. மறு ஆண்டு, நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. கடையில் விற்கும் லிவர் டானிக்கும் டீடாக்ஸ் ஜூஸும் இந்த வரிசையில்தான் நிற்கின்றன. நஞ்சை நீக்குவது ஈரலின் சொந்த வேலை. புரதத்தைச் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவை நொடிதோறும் யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. அதைக் கழுவிச் சுத்தம் செய்ய ஜூஸ் எதுவும் தேவையில்லை.

உணவு வழியே உண்மையிலேயே நஞ்சு வருவது பூஞ்சையால். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்ற 397 பேருக்கு மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் வந்து, 106 பேர் இறந்தார்கள். காரணம் அஃப்ளாடாக்சின். ஈரல் புற்றுநோய்க்கும் இது காரணி. ஈரத்தில் கிடந்த நிலக்கடலையில் இந்தப் பூஞ்சை எளிதில் வளரும். வறுத்தாலும் நஞ்சு முழுக்க அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறியுங்கள். செக்கு எண்ணெய் வாங்குபவர்கள், ஆட்டும் கடலை நல்லதா என்று பார்த்து வாங்குங்கள்.

நோயாளியின் தட்டு

மஞ்சள் காமாலை வந்தால் எண்ணெய் கூடாது, உப்பு கூடாது என்று மோர்ச்சோற்றில் நோயாளியை நிறுத்திவிடுகிறோம். வைரஸால் வந்த காமாலைக்கு இந்தப் பத்தியம் தேவையில்லை. குமட்டல் அனுமதிக்கும் அளவு வழக்கமான வீட்டுச் சாப்பாடு போதும். தெருவோரக் கரும்புச்சாறு வேண்டாம். அதில் போடும் ஐஸ் வழியாகவே காமாலை வைரஸ் பரவக்கூடும்.

சிரோசிஸ் நோயாளிக்கு விதி தலைகீழ். அவருடைய ஈரலால் போதிய கிளைக்கோஜனைச் சேமிக்க முடியாது. இரவெல்லாம் பட்டினி கிடந்தால், உடம்பு தசையைக் கரைத்துச் சர்க்கரை தயாரிக்கும். புரதம் கூடாது என்ற பழைய அறிவுரையை மருத்துவம் கைவிட்டுவிட்டது. எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை: பால், மோர், பருப்பு, முட்டை. படுக்கும் முன் ஒரு சிற்றுணவு அவசியம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இரவு நேரத்தில் கூடுதல் உணவு பெற்ற நோயாளிகள், ஓராண்டில் ஏறத்தாழ 2 கிலோ தசை உள்ளிட்ட திசுவை மீட்டார்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகாது. இவர்கள் விரதமோ எடைக் குறைப்போ தாமாகத் தொடங்கவே கூடாது.

மற்றவர்கள் முதலில் ஒரு டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது நம்மவர்க்கான எல்லை. தாண்டியிருந்தால், அல்லது சர்க்கரை நோய் இருந்தால், ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயது, இரண்டு ஈரல் நொதி, தட்டணு எண்ணிக்கை இந்த நான்கையும் வைத்தே முதல் கணக்கைப் போட்டுவிடலாம். கிரேடு ஒன் என்று எழுதிய சீட்டைப் பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள். இந்த நோய்க்குத் தொடக்கத்தில் வேண்டிய மருந்து கடையில் கிடைப்பதில்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, ஒரு கரண்டி பொரியலைக் கூட்டி, காபியில் ஒரு ஸ்பூனை விட்டு, தினமும் அரை மணி நேரம் நடங்கள். செலவு கூடாது, பலனை அடுத்த ஸ்கேனில் நீங்களே பார்க்கலாம்.